காலிப்ரி: நல்ல எழுத்துரு, ஆனால் அந்த ‘டீ-ஐ’ மட்டும்…

போன வாரம் நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: “புது ஆஃபீஸ் போட்டதிலிருந்து எல்லாமே ஆப்டோஸ்ங்கிற புது எழுத்துருவில் வருது. பழையபடி காலிப்ரிக்கே மாத்திடலாமா? நீங்கதான் வருஷக்கணக்கா அதிலேயே இருக்கீங்களே.” உண்மைதான். 2008இலிருந்து அதில்தான் இருக்கிறேன். ஆங்கில ஒப்பந்தங்களைத் தமிழாக்குவது என் தொழில். பாதி நாள் கண்முன் நிற்பது காலிப்ரிதான். ஆனாலும் சட்டென்று “மாத்துங்க” என்று சொல்ல வாய் வரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டைம்ஸ் நியூ ரோமனிலிருந்து இதற்கு வந்த முதல் நாளே கண்ணுக்கு இதமாக இருந்தது. ஏரியலில் ஆங்கிலச் சின்ன ‘சி’யையும் (c) ‘ஈ’யையும் (e) பாருங்கள், வாய் பாதி மூடியிருக்கும். காலிப்ரியில் அது நன்றாகத் திறந்திருக்கும். கையால் பேனா பிடித்து எழுதும் போக்கு கோடுகளுக்குள் இருப்பதால்தான் இந்த வகையை ஹியூமனிஸ்ட் என்கிறார்கள். சாய்வெழுத்தும் நேரெழுத்தைச் சும்மா சாய்த்து வைத்ததல்ல, தனியாக வரைந்தது. வடிவமைத்த லூகாஸ் டி க்ரூட் இன்னொரு வேலையும் செய்திருக்கிறார். சின்ன ‘எல்’ ஒன்றை அடித்து 300 புள்ளிக்குப் பெரிதாக்குங்கள். முனை கத்தியால் வெட்டினதுபோல் இருக்காது. நாலு நாள் தேய்த்த சோப்புக் கட்டி மாதிரி மூலைகள் மழுங்கியிருக்கும். 11 புள்ளியில் அந்த வளைவு தனியாகத் தெரியாது, பக்கம் முழுக்க ஒரு மென்மையாகத்தான் தெரியும். நாற்பது பக்கம் படித்த பிறகும் கண் எரியாததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

எண்களும் அப்படித்தான். பத்துக்கும் ஒரே அகலம். எக்செலில் பில் போட்டால் ரூபாய்க் கணக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக நூல் பிடித்த மாதிரி நிற்கும். அமெரிக்க வெளியுறவுத் துறை 2023 ஜனவரியில், படிக்க எளிது என்று சொல்லித் தன் ஆவணங்களை 14 புள்ளி காலிப்ரிக்கு மாற்றியபோது எனக்குக் கொஞ்சமும் ஆச்சரியமில்லை. அதே வருடம் மைக்ரோசாஃப்ட் ஆப்டோஸை முன்னால் கொண்டுவந்ததில்தான் வருத்தம்.

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

காலிப்ரியில் ஆங்கிலச் சின்ன ‘டீ’யும் (t) ‘ஐ’யும் (i) பக்கத்தில் வந்தால் சேர்ந்து ஒரே எழுத்தாகிவிடும் ஏற்பாடு ஒன்று உண்டு. ‘டீ’யின் குறுக்குக்கோடு நீண்டு ‘ஐ’யைத் தொடும். நம் ‘ஸ்ரீ’ மாதிரி ஒரு கூட்டெழுத்து. பார்க்க அழகுதான். ஆனால் சில மென்பொருளில் பிடிஎஃப் ஆக்கும்போது, இது உண்மையில் இரண்டு எழுத்து என்ற குறிப்பு கோப்புக்குள் ஒழுங்காகப் போவதில்லை. அந்த பிடிஎஃபிலிருந்து ஒரு சொல்லை நகலெடுத்து ஒட்டினால், ‘டீ-ஐ’ இருந்த இடத்தில் நடுவே கோடு போட்ட வட்டம் ஒன்று வந்து உட்காரும். கண்ணுக்குச் சரியான சொல், கணினிக்கு வேறு சொல்.

ஒப்பந்த ஆங்கிலத்தில் இது எங்கெல்லாம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். நோட்டீஸ், பார்ட்டீஸ், செக்‌ஷன், டெர்மினேஷன், ஆர்பிட்ரேஷன். எழுத்துக்கூட்டிப் பாருங்கள், எல்லாவற்றிலும் இருக்கிறது. போன மாதம் 80 பக்கக் குத்தகை ஒப்பந்தம் ஒன்று வந்தது. ஆர்பிட்ரேஷன் பிரிவு, அதாவது தகராறை நடுவரிடம் தீர்த்துக்கொள்ளும் பிரிவு, இருக்கிறதா என்று வாடிக்கையாளர் அவசரமாகக் கேட்டார். தேடினேன், ஒன்றுமே இல்லை என்றது. “இல்லை” என்று பதில் அனுப்பிவிட்டேன். மறுநாள் வரிவரியாகப் படிக்கும்போது 61ஆம் பக்கத்தில் முழுசாக இருக்கிறது! போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அதுபோக, ஏற்கெனவே மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பு மென்பொருளின் நினைவகத்தில் சேர்த்து வைத்த வாக்கியங்களெல்லாம் அந்த வட்டத்தால் பொருந்தாமல் புது வாக்கியங்களாக வந்து நின்றன. இரண்டு நாள் வேலை கூடிப்போனது.

நியாயமாகச் சொன்னால் தப்பு எழுத்துருவில் இல்லை. பிடிஎஃப் ஆக்கும் மென்பொருள் சரியாகச் செய்தால் இந்தத் தொல்லையே கிடையாது. வேர்டில் ஃபான்ட் அமைப்பின் ‘அட்வான்ஸ்ட்’ பக்கத்துக்குப் போய் ‘லிகேச்சர்ஸ்’ (கூட்டெழுத்துகள்) என்பதை ‘நன்’ ஆக்கினாலும் தப்பிக்கலாம். ஆனால் எனக்குக் கோப்பு அனுப்புகிறவர்களில் யார் அதைச் செய்யப்போகிறார்கள்? என் மேசைக்கு வரும்போது அது பிடிஎஃப் ஆகிவிட்டிருக்கும்.

இன்னொன்று, தமிழ் கலந்து எழுதுகிறவர்களுக்கு. காலிப்ரிக்குள் தமிழ் எழுத்து கிடையாது. வரி நடுவில் ஒரு தமிழ்ச் சொல் வந்தால் வேர்டு தானாக லதா, நிர்மலா போன்ற வேறு எழுத்துருவை எடுத்துப் போடும். அந்த வரி மட்டும் உயரம் கூடித் தள்ளி நிற்கும். வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று வைத்து ஓர் எண் கொடுத்தால் சரியாகிவிடும். அப்புறம் பெரிய ‘ஐ’யும் சின்ன ‘எல்’லும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பாஸ்வேர்டு எழுதி அனுப்ப இதைப் பயன்படுத்தாதீர்கள்.

நண்பருக்கு நேற்று ராத்திரி பதில் போட்டேன்: “வேண்டாம், ஆப்டோஸிலேயே இருங்க. பழைய கோப்புகளைக் காலிப்ரி இல்லாத கணினியில் திறக்க வேண்டி வந்தால் கார்லிட்டோங்கிற எழுத்துருவைப் போட்டுக்குங்க. இலவசம்தான். எழுத்தகலம் காலிப்ரிக்குச் சமமா வச்சிருக்காங்க, பக்கம் உடையாது.” அனுப்பிவிட்டு இந்த மாதப் பில்லைத் திறந்தேன். காலிப்ரி, 11 புள்ளி. மாற்ற மனசு வரவில்லை.