உவரி உப்புக் காற்றும் என் சைக்கிளும்

பாளையங்கோட்டையில் ஓட்டிய இரும்பு பிரேம் சைக்கிளையே கடலோர ஊரான உவரிக்கும் கொண்டு வந்தேன். அங்கே இருந்தவரை மழைக்காலம் முடிகையில் செயினில் லேசாகப் பழுப்பேறும், அவ்வளவுதான். இங்கே ஆடிக் காற்று கிளம்பிய கொஞ்ச நாளிலேயே சக்கரத்தின் போக்ஸ் கம்பியில் புள்ளி புள்ளியாகத் துரு. இரும்பு துருப்பிடிக்க ஈரமும் ஆக்சிஜனும் போதும். கடலுப்பு சேர்ந்தால் அது பல மடங்கு வேகமெடுக்கும். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழை இல்லாத நாளிலும் வண்டி நனைந்த கணக்குதான்.

பல வருஷம் இங்கே ஓட்டிய பிறகு அடித்துச் சொல்வேன்: எந்த எண்ணெய் என்பதைவிட எந்தத் தண்ணீர் என்பதுதான் முக்கியம். கடலோரத்தில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் கழுவிக் காயவிட்டால் மட்கார்டில் வெள்ளையாகப் படிந்து நிற்கும். கடைசியாக ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றி, உடனே பழைய பனியன் துணியால் துடைத்துவிட வேண்டும். காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் வாரம் ஒருமுறை இதைச் செய்கிறேன்.

செயினுக்கு மண்ணெண்ணெய், பழைய பல் பிரஷ். நன்றாகக் காய்ந்ததும் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரே ஒரு சொட்டு ஆயில் விட்டு, பெடலைச் சுற்றி, வெளியே வழிவதை முழுவதும் துடைத்துவிடுகிறேன். இந்தத் துடைப்பைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணல் பறக்கும்; ஆயில் பிசுக்கில் அது ஒட்டினால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி செயினும் பல்சக்கரமும் தேயும். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகிவிடும். பைக்கிலிருந்து எடுத்த கழிவு ஆயில் வேண்டவே வேண்டாம், அதில் இரும்புத் துகள் கிடக்கும். டபிள்யூடி-40 ஸ்பிரே ஈரத்தை விரட்ட அருமையானது. 1953-ல் அது உருவானதே அந்த வேலைக்குத்தான். ஆனால் அதை மட்டும் அடித்துவிட்டு ஓட்டினால் செயின் சீக்கிரமே வறண்டு கீச்சிடும்.

ஓவராயிலிங் செய்யும் மெக்கானிக் அண்ணாச்சி சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "வெளிய பெயிண்ட பாக்காதீரும், சீட் பைப்ப உருவிட்டு உள்ள பாரும்." உண்மைதான். சீட் பைப் வழியாக இறங்கும் தண்ணீர் பெடல் அச்சுப் பக்கம் போய்த் தேங்கும். பிரேமின் அடியில் சின்ன ஓட்டை இருந்தால் அது அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு நான் சீட்டைக் கழற்றி வண்டியைத் தலைகீழாக நிறுத்தி வடியவிடுகிறேன், அப்புறம் உள்ளே கொஞ்சம் ஆயில் அடிக்கிறேன். சீட் பைப் அலுமினியம், பிரேம் இரும்பு என்றால் இன்னும் கவனம் தேவை. இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்புத் தண்ணீர் நின்றால் அரித்து இறுகி, பிறகு அசைக்கவே முடியாது. வருஷம் ஒருமுறை வெளியே எடுத்து, துடைத்து, கிரீஸ் தடவிப் போட்டால் அந்தப் பிரச்சினை வராது.

குரோம் ஹேண்டில்பாரில் வரும் மேல்துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தாலே போதும். புளியும் துருவை எடுக்கும், ஆனால் புளிப்பு மிச்சமில்லாமல் கழுவி உடனே ஆயில் தொடாவிட்டால் மறுநாளே துரு திரும்பிவிடும். பிரேக் கட்டை பிடிக்கும் ரிம்மில் மட்டும் எண்ணெய் படக் கூடாது.

செலவு செய்வதானால் ஸ்டெயின்லெஸ் போக்ஸ் கம்பிக்குச் செய்யுங்கள். மாற்றியதிலிருந்து அந்த இடத்தில் எனக்கு வேலையே இல்லை. பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடுவது வேண்டாம், உள்ளே ஈரம் அடைந்து கிடக்கும். காற்றுக்கு மறைவான சுவரோரம், மேலே கூரை இருந்தால் போதும்.