மண்புழு உரம் என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட இரண்டு டன் தென்னை நார்க்கழிவு

உடுமலைப்பேட்டைக்கு அருகே ஒரு சிற்றூரில் 12 சென்ட் நிலத்துடன் கூடிய வீட்டை வாங்கி, சென்ற ஆண்டு வைகாசியில் குடிபுகுந்தோம். ஆடிப்பட்டத்தைத் தவறவிடக் கூடாது என்ற அவசரத்தில், இயற்கைக் காய்கறித் தோட்டத்தை முழுமையாக அமைத்துத் தருவதாக விளம்பரம் செய்திருந்த ஒருவரிடம் மூன்று தவணைகளில் 58,000 ரூபாய் கொடுத்தேன். புகார் நிலுவையில் இருப்பதால் அவர் பெயரை எழுதவில்லை. மேட்டுப்பாத்திகள், இரண்டு டன் மண்புழு உரம், 12 வகை நாட்டு விதைகள் ஆகியவை அந்தத் தொகைக்குள் அடங்கும் என்பது பேச்சு. ரசீது கேட்டபோது, வேலை முடிந்ததும் மொத்தமாகத் தருவதாகச் சொன்னார், நானும் வற்புறுத்தவில்லை.

வெண்டையும் கொத்தவரையும் ஒழுங்காகவே முளைத்தன. மூன்றாம் வாரத்தில் அடியிலைகள் முதலில் மஞ்சளாகி, பிறகு செடி முழுவதும் வெளிறி, வளர்ச்சி அப்படியே நின்றுவிட்டது. தோட்டம் அமைத்தவரை அழைத்துக் கேட்டால், புது மண் என்றால் அப்படித்தான் இருக்கும், பஞ்சகவ்யம் தெளித்தால் தேறிவிடும் என்று கூறி, அதிலும் ஐந்து லிட்டரை என் தலையில் கட்டினார். பத்து லிட்டர் நீருக்கு 300 மில்லி வீதம் கலந்து இரண்டு முறை தெளித்தும் பயனில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தவர் பக்கத்துத் தோட்டத்து ஆத்தா. பாத்தியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்து விரித்தார். அது பஞ்சைப் போல மீண்டும் எழும்பியது. "இது எருவில்லீங்க தம்பி, நாரு மில்லுக் கழிவு" என்று சொல்லிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுக் காட்டினார். பெரும்பகுதி மிதந்தது, கறுப்பு நிறம் வருவதற்காகக் கலந்திருந்த வண்டல் மண் அடியில் தங்கியது. பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தில் தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும் ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கழிவு கிடைக்கும் விலையையும் நான் கொடுத்த விலையையும் ஒப்பிட்டுப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நார்க்கழிவு கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. ஈரத்தைப் பிடித்துவைப்பதில் அதற்கு இணை குறைவு. ஆனால் மக்காத நிலையில் அதில் கரிமச்சத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) உள்ள விகிதம் ஏறக்குறைய 112:1 என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் குறிப்பிடுகிறது. சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் இட்டு மக்கவைத்தால்தான் அது 24:1 அளவுக்கு இறங்குகிறது. மக்காத கழிவை மண்ணில் கலந்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. செடி பட்டினி கிடக்கிறது. நான் பணம் கொடுத்து வாங்கியது இந்தப் பட்டினியைத்தான். மீதமிருந்த மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பியதில் தழைச்சத்து 0.4 விழுக்காடு என்று வந்தது; 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி மண்புழு உரத்தில் குறைந்தது 1 விழுக்காடு இருக்க வேண்டும்.

அதன் பிறகு மற்றவற்றையும் சந்தேகத்தோடு பார்த்தேன். 'நாட்டு வெண்டை' என்று வெற்றுக் காகிதத்தில் மடித்துத் தந்த விதைகளின் மேல் இளஞ்சிவப்புப் பூச்சு இருந்ததை அழகு என்று எண்ணியிருந்தேன். அது பூஞ்சணக்கொல்லி நேர்த்தி செய்து கடைகளில் விற்கும் விதையின் அடையாளம். அப்படி நேர்த்தி செய்த விதை என்றால் மருந்தின் பெயரும் உணவாகப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையும் உறையில் இருந்தாக வேண்டும். தோட்டம் அமைத்தவர் கைப்பேசியில் காட்டிய அங்கக (இயற்கை வேளாண்மை) சான்றிதழ், நிதானமாகப் படித்தபோது, வேறொருவருடைய மஞ்சள் தோட்டத்துக்கு உரியது. கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அங்ககச் சான்றளிப்புத் துறை போன்ற அமைப்புகள் குறிப்பிட்ட பண்ணைக்கும் பயிருக்கும்தான் சான்று தருகின்றன. அதை வைத்துக்கொண்டு யாரும் எந்த மூட்டையையும் விற்க முடியாது.

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் ஒரே ஒரு மூட்டை வாங்கி, பாதி மண்ணோடு கலந்து தொட்டியில் பச்சைப்பயறு போட்டு மூன்று வாரம் பாருங்கள். அந்த நாட்களில் உங்கள் நிலத்திலேயே ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி மாதிரி எடுத்து மண் ஆய்வுக்குக் கொடுத்துவிடலாம். என் மண்ணுக்கு வெளியிலிருந்து எதுவுமே தேவைப்பட்டிருக்காது என்பது முடிவு வந்த பிறகுதான் தெரிந்தது.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்ல இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியவற்றுக்குக் கட்டணமும் இல்லை. ரசீது இல்லாத குறையை, பணம் அனுப்பிய பதிவுகளும் வாட்ஸ்அப் உரையாடல்களும் ஓரளவு ஈடுசெய்யும் என்று வழக்கறிஞர் ஒருவர் சொன்னார். பாத்திகளில் இப்போது பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பை விதைத்திருக்கிறேன். 45 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழ வேண்டும்.

வேலை முடிந்த அன்று தோட்டம் அமைத்தவர் பாத்திகளைப் படம் பிடித்துக்கொண்டார். அந்தப் படம் இன்றும் அவருடைய விளம்பரத்தில் இருக்கிறது. வரிசையாக ஆறு மேட்டுப்பாத்திகளும் ஓரத்தில் ஒரு நீல நிறத் தண்ணீர் டிரம்மும் தெரிந்தால், அது என் தோட்டம்.