மேட்பிளாட்லிப்: லூப்ல ஃபிகர க்ளோஸ் பண்றதா, ஒன்னையே திரும்ப யூஸ் பண்றதா?

பைத்தான்ல மேட்பிளாட்லிப்ங்கிற படம் வரையற லைப்ரரிய வச்சு லூப் போட்டு நூத்துக்கணக்குல பிளாட் சேவ் பண்றவங்களுக்கு ரேம் ஏறிக்கிட்டே போகும், ஏன்னா பைபிளாட் (மேட்பிளாட்லிப்ல நாம கூப்பிடுற பகுதி) திறந்த ஒவ்வொரு ஃபிகரையும், அதாவது முழுப் படத்தையும், நீங்க மூடுற வரைக்கும் தன்கிட்டயே பிடிச்சு வச்சிருக்கும், 20 தாண்டினா ஒரு வார்னிங் வரும், அதை யாரு படிக்கிறா. கணக்கு போட்டா 10க்கு 6 இன்ச், 300 டிபிஐ படத்துக்கு 3000க்கு 1800 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட், பஃபர் (பிக்சல வச்சிருக்கிற மெமரி) மட்டுமே 21.6 எம்பி!

முதல் வழி, சேவ் பண்ணதும் அந்த ஃபிகர க்ளோஸ் பண்றது. சிம்பிள், ஒரு படத்தோட குப்பை அடுத்ததுக்கு ஒட்டாது. ஆனா ஒவ்வொரு தடவையும் ஃபிகர், ஆக்சிஸ் (ஃபிகருக்குள்ள கோடு வரையற கட்டம்) எல்லாம் புதுசா உருவாகணும், அதனால ஸ்லோ. க்ளோஸ் பண்ணாலும் மெமரி உடனே இறங்காம இருக்கலாம், கார்பேஜ் கலெக்டர் (தேவையில்லாத மெமரிய பைத்தான்ல சுத்தம் பண்றது) வந்தாதான்.

ரெண்டாவது, ஒரே ஃபிகர், லைனுக்கு செட் டேட்டா போட்டு டேட்டாவ மட்டும் மாத்துறது. இது வேகம், மெமரியும் பெருசா ஏறாது. ஆனா புது டேட்டாவுக்கு ஏத்த மாதிரி லிமிட்ட மாத்துற ரீலிம், ஆட்டோஸ்கேல் வியூ ரெண்டையும் கூப்பிடலன்னா பழைய லிமிட்லயே நின்னு கோடு பாதி வெளிய போயிடும். ஆக்சிஸ கிளியர் பண்ணி வரையலாம்னா கலர்பார் (எந்த கலர் எந்த மதிப்புன்னு காட்டுற பட்டை) போகாது, அது தனி ஆக்சிஸ், ஒவ்வொரு சுத்துலயும் புது கலர்பார் சேர்ந்து படமே ஒடுங்கிடும்.

ஒரே மாதிரி லைன் பிளாட்னா ரெண்டாவதுதான் என் சாய்ஸ். கலர்பார், சப்பிளாட் (ஒரே ஃபிகர்ல பல சின்ன படம்)னு மாறிக்கிட்டே இருந்தா பேசாம க்ளோஸ் பண்ணுங்க. எதுவானாலும் ஸ்க்ரீன்ல காட்டத் தேவையில்லன்னா பேக்கெண்ட (படத்த வரைஞ்சு வெளிய தர்ற பகுதி) ஆக் (Agg)-ன்னு மாத்திடுங்க, விண்டோ திறக்கிற வேலையே இல்ல.