சொந்த மண்ணில் மெமரி சிப்: நஷ்ட வருஷத்தை யார் தாங்குவது?

என் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் இரண்டு ரேம் பலகைகள் தெரியும். ஒன்றில் இருப்பது கொரியச் சிப், மற்றதில் அமெரிக்கச் சிப். இரண்டும் அக்கம்பக்கத்தில் சண்டையில்லாமல் ஓடுகின்றன. சிப் கம்பெனிகளின் பொதுத் தர அமைப்பான ஜெடெக் வகுத்த விதிப்படியே எல்லாக் கம்பெனிகளும் ரேம் செய்வதால், யார் செய்தது என்று கம்ப்யூட்டர் கேட்பதில்லை. நமக்கு இது வசதி, செய்கிறவர்களுக்கோ தீராத தலைவலி. பிராசஸர் கம்பெனியை மாற்ற வேண்டுமென்றால் மதர்போர்டையே மாற்ற வேண்டியிருக்கும். ரேமில் அடுத்தவர் விலையைக் கொஞ்சம் இறக்கினாலே போதும், வாங்குபவர் அந்தப் பக்கம் போய்விடுவார்.

ஆகவே மெமரி சிப் உருக்கு மாதிரியான சரக்கு. தட்டுப்பாடு வந்தால் கொள்ளை லாபம், உற்பத்தி மிஞ்சினால் பெரும் நஷ்டம். 2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சாம்சங்கின் சிப் பிரிவு அந்த ஒரே வருஷத்தில் 14.88 லட்சம் கோடி வோன் இழந்தது. எஸ்கே ஹைனிக்ஸ் 7.73 லட்சம் கோடி வோன். மைக்ரான் 583 கோடி டாலர். ரேம் பலகையில் இருக்கும் சிப்புக்கு டி-ரேம் என்று பெயர். உலகின் டி-ரேமில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கைச் செய்யும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அடிவாங்கினார்கள். ஆலையை மூடி வைத்துக் காத்திருக்கவும் வழியில்லை. உள்ளே போன வேஃபர், அதாவது சிப்புகள் அச்சாகும் வட்டமான சிலிக்கான் தகடு, முழுச் சிப்பாக வெளியே வர மாதக்கணக்கில் ஆகும். இயந்திரம் நின்றாலும் அதன் தேய்மானம் கணக்கில் ஏறிக்கொண்டேயிருக்கும்.

ஒரு நாடு “மெமரி சிப்பை நாமே செய்வோம்” என்று கிளம்பும்போது எவ்வளவு மானியம், எத்தனை ஏக்கர் என்றுதான் பேச்சு ஓடுகிறது. நஷ்ட வருஷம் வந்தால் ஆலைக்கு யார் சோறு போடுவார்கள் என்பதை வைத்து நான் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தால் இப்போது ஓடும் நான்கு வழிகளும் வேறு முகம் காட்டுகின்றன.

அமெரிக்காவுக்குச் சொந்தக் கம்பெனி கையிலேயே இருக்கிறது. 1978-இல் ஐடஹோவின் பாய்சி நகரில் பிறந்த மைக்ரான்தான் அது. ஆனால் அதன் பெரிய ஆலைகள் தைவான், ஜப்பான், சிங்கப்பூர் என்று வெளியே வளர்ந்துவிட்டன. முன்னணி மெமரியில் அமெரிக்க மண்ணில் உற்பத்தியாவது 2 சதவீதத்துக்கும் கீழே என்றும், 2035-க்குள் அதைப் 10 சதவீதத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் அந்நாட்டு வணிகத் துறை கணக்குச் சொன்னது. உள்நாட்டுச் சிப் ஆலைகளுக்கு மானியம் தரும் 2022-இன் சிப்ஸ் சட்டத்தின் கீழ் 2024 டிசம்பரில் சுமார் 616 கோடி டாலர் மானியம் உறுதியானது. 2025 ஜூனில் மைக்ரான் தன் மொத்தத் திட்டம் 20,000 கோடி டாலர் என்றது. தொகை பெரிதுதான், ஆனால் அரசு தருவது ஆலை கட்டவும் இயந்திரம் வாங்கவும். விலை சரிந்த வருஷத்தில் ஆலையை ஓட்டும் செலவு கம்பெனியின் பாடு. அதனால் கட்டும் வேகத்தைச் சந்தை பார்த்துக் கம்பெனியே கூட்டும், குறைக்கும். நியூயார்க் மாநிலத்தின் கிளே ஊருக்கு 2022-இலேயே பெரிய அறிவிப்பு வந்தது. அப்புறம் பாய்சியின் இரண்டாவது ஆலை அதை முந்திக்கொண்டது.

சீனாவின் வழி இதற்கு நேரெதிர். சொந்தக் கம்பெனி இல்லை, எனவே 2016-இல் உருவாக்கினார்கள். டி-ரேமுக்கு ஹெஃபெய் நகரில் சிஎக்ஸ்எம்டி, மின்சாரம் போனாலும் தகவலைக் காக்கும் ஃபிளாஷ் மெமரிக்கு வூஹானில் ஒய்எம்டிசி. பின்னால் அரசுப் பணம் நின்றது. நஷ்டத்துக்கு அஞ்சி யாரும் கடையைக் கட்டவில்லை. நான் வைத்த கேள்விக்கு நேரடியான பதில் சொன்ன ஒரே வழி இதுதான் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் பணத்தால் வாங்க முடியாதவையும் உண்டு. ஃபூஜியன் ஜின்ஹுவா என்ற இன்னொரு டி-ரேம் கம்பெனிமீது 2018 அக்டோபரில் அமெரிக்கா தடை போட்டது. இயந்திரம் நிறுவிக்கொண்டிருந்த அமெரிக்கக் கம்பெனிகளின் ஆட்கள் கிளம்பிப்போக, பெரும் செலவில் எழுந்த ஆலை முடங்கிப்போனது. 2022 அக்டோபரில் வந்த கட்டுப்பாடு இன்னும் துல்லியம்: டி-ரேமில் 18 நானோமீட்டரும் அதைவிட நுண்ணியதும், ஃபிளாஷில் 128 அடுக்கும் அதற்கு மேலுமாக முன்னணிச் சிப் செய்வதற்கு அமெரிக்கக் கருவி கிடையாது. அதையும் தாண்டி சிஎக்ஸ்எம்டியும் ஒய்எம்டிசியும் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இவ்வளவு பெரிய உள்நாட்டுச் சந்தையும் இவ்வளவு பொறுமையும் வேறு எந்த நாட்டுக்கு இருக்கிறது? இந்த வழியைப் பார்த்து வியக்கலாம், நகலெடுப்பது கஷ்டம்.

ஜப்பானின் கதைதான் எனக்கு அதிகம் பிடித்தது, ஏனென்றால் அது விழுந்து எழுந்த கதை. 1980-களின் பின்பாதியில் உலக டி-ரேமில் பாதிக்கு மேல் ஜப்பானுடையது. கொரியர்கள் மேலே வர, என்இசியும் ஹிட்டாச்சியும் 1999-இல் தங்கள் மெமரிப் பிரிவுகளை ஒன்றாக்கின, அதுதான் எல்பிடா. 2009-இல் தடுமாறியபோது அரசுப் பணம் கைகொடுத்தது. அடுத்த சரிவும் சீக்கிரமே வந்தது. இந்தமுறை யாரும் கை நீட்டவில்லை. 2012 பிப்ரவரியில் எல்பிடா திவாலானது, 2013-இல் மைக்ரான் அதை வாங்கியது. எல்பிடாவின் ஹிரோஷிமா ஆலைக்கு ஜப்பான் அரசு இப்போது மீண்டும் பணம் தருகிறது: 2023-இல் அறிவித்த உதவி 19,200 கோடி யென் வரை. பெறுவது அமெரிக்கக் கம்பெனி. தன் வீட்டை விற்றுவிட்டு, வாங்கியவருக்கே மராமத்துச் செலவும் கொடுப்பது போல என்று சிலர் சிரிக்கக்கூடும். நான் சிரிக்க மாட்டேன். ஆலை ஜப்பானில் இருக்கிறது, பொறியாளர்கள் ஜப்பானில் இருக்கிறார்கள், நஷ்டம் வந்தால் பல நாட்டு ஆலைகளின் வரவில் அதைச் சமாளிப்பது மைக்ரானின் கவலை. சாவி மட்டும் பாய்சியில் இருக்கிறது.

நான்காவது வழி இந்தியாவுடையது: கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்குவது. குஜராத்தின் சாணந்தில் மைக்ரானின் ஆலைக்கு 2023 ஜூனில் ஒப்புதல் வந்தது. மொத்தம் 275 கோடி டாலர் வரை. அதில் பாதியை மத்திய அரசும் 20 சதவீதத்தை மாநில அரசும் தருகின்றன. கம்பெனியின் பங்கு 82.5 கோடி டாலர் வரை. அங்கே வேஃபர் பிறப்பதில்லை. வெளிநாட்டு ஆலையில் அச்சாகி வரும் வேஃபரின் முதுகைத் தேய்த்து மெல்லியதாக்கி, சின்னச் சின்னச் சதுரமாக அறுத்து, அடுக்கி, இணைப்பு கொடுத்து, கறுப்புப் பிசினில் மூடி, சூட்டில் வைத்துச் சோதித்து அனுப்புவார்கள். இதைச் சின்ன வேலை என்று ஒதுக்க முடியாது. ஏஐ சர்வர்களுக்கான, எச்பிஎம் என்ற அதிவேக மெமரியில் சிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இணைப்பதில்தான் போட்டியே நடக்கிறது. எஸ்கே ஹைனிக்ஸ் அமெரிக்காவின் இண்டியானாவில் கட்டத் திட்டமிட்டதும் இந்த வகை ஆலைதான். நஷ்டமும் இங்கே ஒப்பீட்டளவில் சின்னது. ஆனால் இதை ‘உள்நாட்டு மெமரி உற்பத்தி’ என்று விளம்பரம் செய்தால் எனக்குச் சம்மதமில்லை. வேஃபர் வருவது நின்றால் ஆலையும் நின்றுவிடும்.

சொந்தக் கம்பெனி இல்லாத நாடு ஒன்று என்னிடம் யோசனை கேட்டால், சாணந்தில் தொடங்கி ஹிரோஷிமா நோக்கி நட என்பேன். ஹெஃபெய் பக்கம் ஆசைப்பட வேண்டாம். கூடவே ஜெர்மனியின் டிரெஸ்டனையும் போய்ப் பார்க்கச் சொல்வேன். அங்கே ஜெர்மன் சிப் கம்பெனியான இன்ஃபினியனிலிருந்து பிரிந்த கிமோண்டா என்ற மெமரிக் கம்பெனி 2009 ஜனவரியில் திவாலானது. அதன் காப்புரிமைகள் கைமாறிக் கைமாறி, கடைசியில் ஹெஃபெயின் சிஎக்ஸ்எம்டி அவற்றுக்கு உரிமம் வாங்கியது. டிரெஸ்டனில் மிஞ்சிய, சிப் செய்வதற்கான தூசியில்லாத் தூய அறையையும் இயந்திரங்களையும் 2011-இல் இன்ஃபினியனே திரும்ப வாங்கிக்கொண்டது. இன்று அங்கே வேலை நடக்கிறது, வேஃபர் ஓடுகிறது. வெளியே வருவது மின்சக்தியைக் கட்டுப்படுத்தும் பவர் சிப்.