அம்மா பேரில் அறுபதாயிரம்: மூன்று இடங்களும் ஒரு கேள்வியும்

அம்மாவின் தலைத்திவசம் முடிந்த அன்று, இனி வருஷாவருஷம் ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுவதை விட்டுவிட்டு, மாதம் ஐயாயிரம் ரூபாயை ஆதரவில்லாத பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்று நானும் அக்காவும் பேசி முடித்தோம். பேசி முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. யாரிடம் கொடுப்பது என்பதில்தான் நான்கு மாதம் ஓடியது.

அக்கா இருப்பது புதுச்சேரி முத்தியால்பேட்டையில். அவளுக்குப் பழக்கமான இல்லம் ஒன்று அந்தப் பக்கம் இருக்கிறது, சுமார் அறுபது பிள்ளைகள். மாமாவுக்கு எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமம் மாதிரியான ஏற்பாடு பிடிக்கும்: ஒரு தாய், அவர் பொறுப்பில் ஒரு வீடு, அதில் அண்ணன் தங்கையாக வளரும் பிள்ளைகள். புதுச்சேரியிலும் அவர்களுக்கு ஒரு கிராமம் உண்டு. நான் சொன்னது கடலூர் பக்கத்துச் சின்ன டிரஸ்ட் ஒன்றை. அவர்களிடம் காட்டுவதற்குக் கட்டடமே கிடையாது. பாட்டியோ பெரியம்மாவோ வளர்க்கிற பிள்ளைக்கு அந்த வீட்டில் வைத்தே உதவுவதுதான் அவர்கள் வேலை. இல்லத்துக்கும் டிரஸ்ட்டுக்கும் இங்கே பெயர் வேண்டாம். இரண்டு பேரிடமும் குறை சொல்ல எனக்கு விஷயம் இருக்கிறது, இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கவும் செய்கிறது.

முதலில் இல்லம். எங்கள் பக்கத்தில் தர்மம் என்றாலே சோறுதான். வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு அன்னதானத்தைக் குறை சொல்ல நாக்கு எழாது. அதனால் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி போடுவோம் என்று அக்கா சொன்னபோது நானும் சரி என்றேன். அம்மா படத்தை மேசைமேல் வைத்தார்கள். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, அம்மாவின் ஆத்மா சாந்தியடைய ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். மூன்று சரணம். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண்ணின் வாய் பாட்டில் இருந்தது, கண் அண்டாவில் இருந்தது. அக்கா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கூச்சமாக இருந்தது.

பேச்சுவாக்கில் வார்டனிடம் "அடுத்த ஞாயிறு யாருங்க?" என்று கேட்டேன். ஒரு நீள நோட்டைப் புரட்டிக் காட்டினார். ஆறு வாரத்துக்கு ஞாயிறு எதுவும் காலி இல்லை. ஒரு ஞாயிறில் மதியம் யாருக்கோ பிறந்தநாள், ராத்திரி யாருக்கோ கல்யாண நாள். அதே நோட்டின் கடைசியில் ஜூன் மாதப் பள்ளிச் செலவுக்கு என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் ஒரு பெயர்கூட இல்லை.

காகித விஷயத்தில் இல்லம் சுத்தம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பிள்ளைகளைத் தங்கவைக்கும் எந்த இடமும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு ஐந்து வருஷத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள், தேதியும் தாண்டவில்லை. இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மத்திய அரசு 2016-17-இல் நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது 9,589 இல்லங்கள் தேறின. அவற்றில் இந்தச் சட்டப்படி பதிவானவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நீங்கள் எந்த இல்லத்துக்குப் போனாலும் முதலில் அந்தச் சான்றைப் பாருங்கள். டிரஸ்ட் பதிவும் 80ஜி-யும் வேறு, இது வேறு. 80ஜி என்பது நம் வரிக்கணக்குக்கு, அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு. ஒரு பிள்ளையை அங்கே வைத்திருக்க அது அனுமதி ஆகாது.

எங்கள் கணிப்பு தலைகீழாகப் போனது வாசல் விஷயத்தில். இல்லத்தில் எங்களை உள்ளே விட்டு, பிள்ளைகள் தூங்கும் ஹால்வரை கூட்டிப்போனார்கள். செல்ஃபி எடுத்துக்கொண்டோம். மறுநாளே பிள்ளைகள் முகம் தெளிவாகத் தெரிய வாட்ஸ்அப்பில் பத்துப் படம் வந்தது. "எவ்ளோ வெளிப்படையா இருக்காங்க பாரு" என்றாள் அக்கா. டிரஸ்ட் அலுவலகத்திலோ, நான் உதவப்போகும் பிள்ளையின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. "ஊர் சொல்றோம், வயசு சொல்றோம். பேரும் போட்டோவும் கேக்காதீங்க சார்" என்றார் அங்கிருந்த களப்பணியாளர் அம்மா. எனக்குச் சுருக்கென்றது. பணம் கொடுக்கிறவனிடம் இவ்வளவு ஒளிவா?

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது. பராமரிப்பு தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்று அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம். சட்டம் கிடக்கட்டும். முன்பின் தெரியாத என்னைத் தூங்கும் ஹால்வரை விட்டவர்கள், எனக்கு முன்னால் யாரை விட்டிருப்பார்கள்?

மாமாவின் கட்சிக்கு வருகிறேன். எஸ்.ஓ.எஸ். 1949-இல் ஆஸ்திரியாவின் இம்ஸ்ட் ஊரில் ஹெர்மன் க்மைனர் தொடங்கியது. இந்தியாவில் 1964-இல் ஃபரிதாபாத்தில் முதல் கிராமம் வந்தது. கூடப் பிறந்தவர்களைப் பிரிக்காமல் ஒரே வீட்டில் வைப்பதும், மாறாத ஒரு முகம் தாயாக இருப்பதும் அதன் பலம். இந்த 'மாறாத முகம்' சும்மா உணர்ச்சிப் பேச்சு இல்லை. ருமேனியாவின் புக்காரெஸ்ட்டில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் காப்பகங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, மீதிப் பேரை வழக்கமான ஏற்பாட்டிலேயே விட்டுப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி மேலாக இருந்தது. இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு இன்னும் மேலாக. சோறும் பாலும் எல்லோருக்கும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. காப்பகத்தில் ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அதுதான் குறை.

அதனால் அக்காவின் இல்லத்தில் "ஆயாம்மா எத்தனை வருஷமா இருக்காங்க?" என்று கேட்டேன். மூன்று பேரில் இரண்டு பேர் வந்து எட்டு மாதம். சம்பளம் கட்டுப்படியாகாமல் போய்விடுகிறார்களாம். அரிசி கொடுக்க ஆள் வரிசையில் நிற்கிறார்கள், ஆயாம்மா சம்பளத்துக்குக் கொடுக்க ஆள் இல்லை. 'உங்கள் பணம் முழுக்கப் பிள்ளைகளுக்கே' என்று நோட்டீஸ் அடித்தால்தான் நாமும் சட்டைப்பையைத் திறக்கிறோம். இதில் இல்லத்தை மட்டும் குறை சொல்லி என்ன செய்வது?

எஸ்.ஓ.எஸ். பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தன் கிளைகள் சிலவற்றில் பிள்ளைகளுக்குக் கொடுமை நடந்ததை அந்த அமைப்பே 2021-இல் ஒப்புக்கொண்டது. தனி ஆணையம் விசாரித்து 2023-இல் அறிக்கை வந்தது. நிறுவனர் க்மைனர் மீதே சிறுவர்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாகப் புகார்கள் இருப்பதை 2025 அக்டோபரில் ஆஸ்திரிய அமைப்பு வெளியே சொன்னது. இதைப் படித்துக் காட்டி, "இன்னும் அதுதான் வேணுமா மாமா?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "புகாரே வந்ததில்லன்னு சொல்ற எடத்தக் காட்டு, அங்கதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

எனக்கு முழுச் சமாதானம் இல்லை. எழுபது வருஷம் கழித்து ஒப்புக்கொள்வதைப் பாராட்டுவதா என்ற எரிச்சல் எனக்கு இன்னும் உண்டு. ஆனால் மாமா சொன்னது மனதில் தங்கியது. இல்லத்தில் கேட்டேன்: பிள்ளைகள் புகார் சொல்ல வழி உண்டா? "இங்க அப்படி எதுவும் வராதுங்க" என்றார்கள். விதிப்படி வைக்க வேண்டிய பெட்டி சுவரில் இருந்தது. சாவி வார்டன் இடுப்பில் இருந்தது.

சரி, தலைப்பில் சொன்ன அந்த ஒரு கேள்வி. 'போன வருஷம் எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள்?' பதிவு, வரவுசெலவு, சமையலறை எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விதான் மூன்று இடத்தையும் எனக்குப் பிரித்துக் காட்டியது.

இல்லத்தில் கேட்டதும் சிரித்தார்கள். "போக எடம் இருந்தா ஏன் சார் இங்க வரப்போறாங்க?" ஆனால் சேர்க்கைப் பதிவேட்டின்படி முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு அம்மா இருக்கிறார். அப்பா குடியில் போயிருப்பார், அல்லது சும்மாவே போயிருப்பார். அம்மா நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போகிறார், பண்ருட்டியில் முந்திரி உடைக்கிறார். ராத்திரி பிள்ளையை யாரிடம் விடுவது என்று தெரியாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். இந்தப் பிள்ளைகளை அநாதை என்று சொல்லித்தான் நாம் பிரியாணி போடுகிறோம். விடுதியில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தின் அடிப்படைக் கொள்கையிலேயே இருக்கிறது. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று நன்கொடை வரும் இடத்தில், ஒரு தலை குறைந்தால் யாருக்கு லாபம்?

டிரஸ்ட்டில் கேள்வியே மாறிவிடும். பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இப்படி உறவினரிடம் வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப வருமானம் கிராமத்தில் வருஷத்துக்கு 72,000, நகரத்தில் 96,000-க்குள் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2025-இல் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 உண்டு. தேவனாம்பட்டினத்திலோ சாமியார்பேட்டையிலோ இருக்கும் ஒரு பாட்டி இறப்புச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதாரில் பெயர்த் திருத்தம் என்று அலைந்து இதை வாங்குவது லேசில்லை. புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் வேறு அரசு, வேறு அலுவலகம், வேறு குழந்தைகள் நலக் குழு. அப்பா வழி இந்தப் பக்கமும் அம்மா வழி அந்தப் பக்கமுமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். டிரஸ்ட்காரர்கள் கூடவே போய் நிற்கிறார்கள். அந்தக் களப்பணியாளர் அம்மாவின் ஒரு மாத அலைச்சலில் ஒரு பிள்ளைக்குப் பல வருஷத்துக்கு வருமானம் பிறக்கிறது. கணக்குப் போட்டால் என் ஐயாயிரம் அதிகம் உழைப்பது இங்கேதான்.

அதற்காக டிரஸ்ட்டைத் தூக்கிவைக்கவும் மனம் வரவில்லை. இருப்பதே இரண்டு பணியாளர்கள். வரவுசெலவு கோடு போட்ட நோட்டில். ஒரு வீட்டில் பெண் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, சித்தியின் கைக்குழந்தையைப் பார்க்க வைத்திருந்தார்கள். அது டிரஸ்ட்டுக்குத் தெரியவர ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. இதை அவர்களே சொன்னார்கள். உறவு என்பதாலேயே வீடு பத்திரம் ஆகிவிடாது. அடிக்கிற வீட்டிலிருந்தும் தொடக்கூடாத கை இருக்கிற வீட்டிலிருந்தும் பிள்ளையை வெளியே எடுக்கத்தான் வேண்டும். அப்போது ஒரு நல்ல இல்லமோ, மாமா சொல்லும் குடும்ப வீடோ இல்லாமல் முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரையில் ஒரே நாளில் தாய் தகப்பன் இரண்டு பேரையும் இழந்த பிள்ளைகளைப் பார்த்தவர்கள், இல்லமே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

பதினெட்டு வயதுக்கு அப்புறம் என்ன என்பதில் இல்லம் ரொம்பப் பலவீனம். "டெய்லரிங் கத்துக் குடுத்து அனுப்பிடுவோம்." 21 வயதுவரை பின்தொடர் பராமரிப்பு என்று சட்டத்தில் உண்டு, மிஷன் வாத்சல்யாவில் அதற்கும் பணம் உண்டு. இல்லத்தில் யாரும் விண்ணப்பித்ததில்லை.

கடைசியில் மாமா தனியாகத் தன் பணத்தில் எஸ்.ஓ.எஸ்.ஸுக்குக் கட்டுகிறார்; அது அவர் இஷ்டம். அம்மா பேரில் உள்ள ஐயாயிரத்தில் மூவாயிரத்து ஐந்நூறு டிரஸ்ட்டுக்குப் போகிறது. பிள்ளைக்கு என்று சொல்லாமல், அந்தக் களப்பணியாளர் அம்மாவின் சம்பளத்துக்கும் பெட்ரோலுக்கும் என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். ரசீது எழுதியவர் இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

மீதி ஆயிரத்து ஐந்நூறு அக்கா பங்கு. அந்த இல்லத்தை விட அவளுக்கு மனசில்லை. முன்வரிசைப் பெண்ணை மறக்க முடியவில்லை போலிருக்கிறது. நான்தான் சொன்னேன்: மாதம் ஒரு ஞாயிறு அம்மாக்கள் வந்து பார்க்கலாம் என்று இருக்கிறதே, ஏன் நாலைந்து பேர்தான் வருகிறார்கள் என்று கேள். கேட்டாள். பஸ் காசு, அன்றைக்குக் கூலி போய்விடும், அவ்வளவுதான் காரணம். அப்படியானால் எங்கள் பணம் அம்மாக்களின் பஸ் செலவுக்கே போகட்டும் என்றாள். "காசா கையில குடுத்தா சரிப்படாதுக்கா" என்று வார்டன் இழுத்திருக்கிறார். டிக்கெட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளட்டும் என்று அக்கா விடவில்லை.

ஜூலை இரண்டாம் ஞாயிறு பதினெட்டு அம்மாக்கள் வந்திருந்தார்களாம். பண்ருட்டியிலிருந்து ஒருவர் வறுத்த முந்திரி கொண்டுவந்தாராம். அன்றைக்குப் பிரியாணி போட வந்த குடும்பத்துக்கு ஹாலில் இடமே இல்லை, வெளியே மரத்தடியில் பந்தி. பாட்டுப் பாட யாரும் கூப்பிடவில்லை என்றாள் அக்கா.