அளவுக்கு மீறிச் சூடாகும் டிரையர்: ராமேசுவரத்தில் ஆறு ஆண்டு அனுபவம்

ராமேசுவரத்தில் யாத்ரீகர்களுக்காக நாங்கள் நடத்தும் சிறு விடுதிக்கு, சூடான ஈரக்காற்றைக் குழாய் வழியே வெளியேற்றும் 7 கிலோ டிரையர் ஒன்றை 2019-இல் வாங்கினோம். கோயிலின் 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு வருகிறவர்களுக்குத் துண்டு கொடுத்து மாளாது. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடிக் கொடியை நம்பவும் முடியாது. முதல் மூன்று ஆண்டுகள் அது குறையின்றி உழைத்தது.

நான்காம் ஆண்டில் துண்டுகள் ஓரத்தில் அப்பளம்போல் விறைத்தும் நடுவில் ஈரமாகவும் வந்தன. ஒரு தலையணை உறையின் பிளாஸ்டிக் பொத்தான் இளகி வளைந்திருந்தது. பார்க்க வந்த மெக்கானிக், பின்மூடியைக்கூடக் கழற்றாமல், ஹீட்டர் காயில் போய்விட்டது என்றார். காயில் அறுந்திருந்தால் சூடே வராதே என்று எனக்குத் தோன்றியதால், அவரை அனுப்பிவிட்டு நானே தேடத் தொடங்கினேன்.

பஞ்சு சேரும் சல்லடையை நாங்கள் வாரந்தோறும் கழுவித்தான் வந்தோம்; ஆனால் கழுவியது உவர்ப்பான போர் தண்ணீரில். அதில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது, கீழே இறங்காமல் குளம்கட்டி நின்றது. கண்ணுக்குத் தூய்மையாகத் தெரிந்த வலையின் துளைகளை உப்புப் படிவு அடைத்திருந்தது. வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்தில் இருந்த தகர மூடி, கடற்காற்றில் கீல் துருப்பிடித்துப் பாதி மூடிய நிலையில் இறுகியிருந்தது. அதன் பின்னால் ஈரப்பஞ்சு கம்பளிபோல் திரண்டிருந்தது. காயிலின் சூட்டை அள்ளிச் செல்லக் காற்று ஓடாவிட்டால், சூடு உள்ளேயே தேங்கும், ஈரமும் வெளியேறாது. துணி கருகுவதும் காயாததும் சேர்ந்து நிகழ்ந்ததற்குக் காரணம் இதுதான்.

சல்லடையை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, மடிப்புக் குழாயை நீக்கி வளைவு குறைந்த அலுமினியக் குழாயும் பிளாஸ்டிக் மூடியும் பொருத்தியபின், இரண்டு மணி நேரம் எடுத்த வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஆயினும் சூடு முழுமையாகத் தணியவில்லை. பிளக்கை உருவிவிட்டு, சூடு எல்லை தாண்டாமல் மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சூடேற்றி, மின்னிணைப்பைச் சோதிக்கும் மல்டிமீட்டரில் பார்த்தேன். அதன் மேல் குறித்திருந்த வெப்பநிலையைத் தாண்டியும் இணைப்பு விடுபடவில்லை. உள்ளே இருந்த தொடுமுனைகள் ஒட்டிப்போயிருந்தன. அடைப்பு இருந்த நாள்களில் ஓயாமல் விட்டுவிட்டு இயங்கியதே அதைத் தேய்த்திருக்க வேண்டும். அதே வெப்பநிலைக் குறியீடு கொண்ட புதியதை மாட்டினேன். இந்த இடத்தில் சிலர் சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வெப்பப் பாதுகாப்பு ஃபியூஸையே தவிர்த்து, கம்பியால் நேராக இணைத்துவிடுகிறார்கள். அது பஞ்சு நிறைந்த பெட்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

அதன்பின் கருகல் வாடை வந்ததில்லை. அடித்தகடு மட்டும் துருவில் உதிர்கிறது. அதற்கு ஆண்டுக்கொரு முறை பெயிண்ட் அடிக்கிறேன். வாடைக்காற்று தொடங்குமுன் டிரையரை ஓடவிட்டு, வெளிச்சுவரில் மூடி திறந்து காற்று கையில் அழுத்தமாகப் படுகிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன்.