லேபிள் இல்லாத வெள்ளை டப்பா: டேன் (வெயிலில் ஏறிய கருப்பு) எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பத்தமடையில் இருந்து அம்பாசமுத்திரம் வரைக்கும் உள்ள ஊர்களில் மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் ஃபீல்டு வேலை பார்க்கிறேன். காலை 7 மணிக்கு முதல் சென்டர் மீட்டிங். பத்தமடை, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஸ்கூட்டியில் சுற்றி, தவணை கட்டாத வீடுகளையும் பார்த்து முடிக்க மதியம் 2 மணி ஆகிவிடும். நான்கு வருடமாக இதே ஓட்டம். முகமும் முழங்கைக்குக் கீழே கைகளும் நன்றாகக் கருத்துவிட்டன. வாட்ச் கட்டும் இடத்தில் மட்டும் பழைய நிறம் ஒரு பட்டையாக இருக்கும்.

தம்பிக்கு ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. சித்திரைக் கடைசியில் வீட்டுக்கு வந்த அத்தை என்னைப் பார்த்ததும், "ஏட்டி, என்ன இப்படிக் கருத்துப் போய்ட்ட? மாப்பிள்ளைக்கு அக்கான்னு மேடையில வந்து நிக்கணும்லா?" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி கடலை மாவில் தயிர் கலந்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். அத்தை சொன்னதைவிட அந்தக் கிண்ணம்தான் எனக்கு உறைத்தது.

கடலை மாவோடு நின்றிருக்க வேண்டும். போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, திருநெல்வேலியில் ஒரு ஸ்கின் கிளினிக்குக்குப் போனேன். பெயரை இங்கே போடவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. மாடியில் ஏசி அறை. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் என் கன்னத்தில் சின்னக் கருவி ஒன்றை வைத்து, எதிரே இருந்த டிவியில் பெரிதாக்கிக் காட்டினார். கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். "இதெல்லாம் டேன்க்கா. நாலு லேயர் உள்ள இறங்கியிருக்கு. இப்ப எடுக்கலைன்னா பெர்மனன்டா தங்கிரும்" என்றார். அவர் டாக்டர் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவர் டாக்டர் என்று சொல்லவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்தது. அதில் என்ன படிப்பு, என்ன பதிவு எண் என்று எழுந்து போய்ப் படிக்கத் தோன்றவில்லை. தோல் மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் டி.வி.எல். என்ற தோல் மருத்துவ மேற்படிப்பு படித்திருப்பார் என்பதெல்லாம் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

ஆறு சிட்டிங் 'டேன் ரிமூவல் பேக்கேஜ்' 13,500 ரூபாய். 8,000 முன்பணம் கட்டினேன். கூடவே ராத்திரி போட ஒரு கிரீம், டப்பா 1,800 ரூபாய். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. மூடியில் பேனாவால் 'நைட்' என்று எழுதியிருந்ததைத் தவிர வேறு ஒரு எழுத்து கிடையாது. கேட்டதற்கு, "எங்க சொந்தத் தயாரிப்புக்கா, ஹெர்பல்" என்றார்கள்.

முதல் பத்து நாளில் வந்த மாற்றத்தை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் விழுவது அங்கேதான். தாடையில் எப்போதும் இருக்கும் நாலைந்து பருக்கள் காணாமல் போயின. முகம் பளபளவென்று வெளுத்தது. வீரவநல்லூர் சென்டரில் குழுப் பெண்கள், "என்ன மேடம், கல்யாணக் களை இப்பவே வந்துட்டு" என்றார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கே போனேன், என்ன கிரீம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அப்படிச் சொன்னதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது டப்பா முடியும் நேரம். ஆனித் தேரோட்டத்தன்று டவுனில் ரத வீதியில் ஒரு மணி நேரம் நின்றேன். வருடா வருடம் நிற்கிறவள்தான். அன்றைக்கு முகம் மிளகாய் அரைத்துப் பூசியது போல் எரிந்தது. வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றினால் அதற்கும் எரிச்சல். ஆடி பிறந்தபோது கன்னம் முழுக்க ரவை தெளித்தது போல் பொடிப் பருக்கள். மூக்கின் இரு பக்கமும் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிய ஆரம்பித்தன. தாடையில் பூனை முடி அடர்ந்தது. அடுப்புப் பக்கம் நிற்க முடியவில்லை. கிளினிக்குக்குப் போன் செய்தால், "உள்ள இருக்கிற அழுக்கெல்லாம் வெளிய வருதுக்கா, நல்லதுதான்" என்று சொல்லி மூன்றாவது டப்பாவையும் விற்றார்கள். தோலை வெளுக்க வைக்கும் என்று விற்கிற குளுட்டாதியோன் ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகும் என்றும் சொன்னார்கள். ஊசிக்குக் கையில் காசில்லை. அதனால் தப்பினேன்.

ஆடிக் கடைசியில் பயந்துபோய் நானாகவே கிரீமை நிறுத்தினேன். நாலாவது நாள் முகம் சிவந்து வீங்கிவிட்டது. அரிப்பில் ராத்திரி தூக்கம் இல்லை. தம்பி கல்யாண ஆல்பத்தில் அந்த முகத்தோடுதான் நிற்கிறேன். தாலி கட்டும் நேரத்து போட்டோ ஒன்றில் மட்டும் அம்மா என் பக்கம் திரும்பி முந்தானையால் என் கன்னத்தை ஒற்றுகிறாள். அந்த ஆல்பத்தை நான் திறப்பதே இல்லை.

கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எடுத்துத் தோல் பிரிவுக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அந்த டாக்டர் அம்மா கேட்டது: "என்ன கிரீம் போட்டீங்க? டப்பா கொண்டு வந்திருக்கீங்களாம்மா?" முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இப்படி வாரா வாரம் வருகிறார்களாம். ஸ்டீராய்டு கலந்த கிரீமை மாதக்கணக்கில் முகத்தில் போட்டால் வரும் அத்தனை அடையாளமும் என் முகத்தில் இருந்தன.

அவர் விளக்கியது இதுதான். ஸ்டீராய்டு பட்டதும் தோலில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தோல் வெளுத்துத் தெரியும். நிறமி உண்டாவதும் குறையும். அழற்சியை அது அடக்கிவிடுவதால் பருவும் அமுங்கும். முதல் மாதத்துப் பளபளப்பு அவ்வளவுதான். போடப் போடத் தோல் மெலியும். குழாய்கள் விரிந்து சிவப்புக் கோடுகளாகத் தெரியும், முடி வளரும், வெயில் தாங்காது. திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்த அழற்சி எல்லாம் ஒன்றாகத் திரும்பி வரும். மறுபடி போட்டால் அடங்கும். ஆகவே மறுபடி வாங்குவோம். கடைக்காரனுக்கு அதுதான் வேண்டும்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று அவர் சொல்லவில்லை. கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் அவரே எழுதுகிறார், எத்தனை நாள், எந்த இடத்தில், எவ்வளவு என்று அளந்து. 2018ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று. மருந்துக் கடையில் கொடுக்கும்போது அட்டையில் சிவப்புக் கோடு இருக்கும், நாமும் ஒரு கணம் யோசிப்போம். என் டப்பாவில் கோடும் இல்லை, பெயரும் இல்லை.

இன்னொன்றும் கேட்டார். கால் வீங்குகிறதா, சிறுநீர் நுரைத்துப் போகிறதா? எனக்குப் புரியவில்லை. பெயரில்லாத வெளுப்புக் கிரீம்களில் பாதரசம் இருப்பது உண்டு, அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றார். செங்கோட்டை தாண்டினால் கேரளா. அங்கே மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அபூர்வமான ஒரு பிரிவு. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் போட்டவர்கள். நம் நாட்டு விதிப்படி சாதாரண அழகுப் பொருளில் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது, அதுவும் தெரியாமல் கலந்ததாக இருந்தால்தான். என் சிறுநீர்ப் பரிசோதனையில் புரதம் இல்லை என்று சீட்டு வரும்வரை இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது அந்த 'நாலு லேயர்' கதைக்கு வருகிறேன். அடிப்படைப் பொய் அதில்தான் இருக்கிறது. இரண்டாவது தடவை போனபோது டாக்டரிடம் நேராகவே கேட்டேன், வெயிலில் கருத்ததை எடுக்கத்தான் முடியாதா என்று. "அது என்ன அழுக்கா, எடுக்கிறதுக்கு?" என்றார். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோல் செல்லின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது. அடி வாங்கிய செல்கள் கொடுக்கும் தகவலில் நிறமிச் செல்கள் மெலனினைத் தயாரித்து அனுப்புகின்றன. அந்த மெலனின் செல்லின் கருவுக்கு மேலே குடை மாதிரி கவிந்து நிற்கிறது. நாம் பார்க்கும் கருப்பு அந்தக் குடை. மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் தானாகவே உதிர்ந்து புதிதாகும். வெயிலைக் குறைத்தால் சில வாரத்தில், சில மாதத்தில் கருப்பும் மங்கிவிடும். நிரந்தரமாகத் தங்கிவிடும் என்று என்னைப் பயமுறுத்திப் பணம் வாங்கியது, தானாகப் போகக்கூடிய ஒன்றுக்கு. கன்னத்தில் திட்டாகப் படரும் மங்கு வேறு, அதற்கு வைத்தியம் உண்டு, அதையும் டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

பார்லரில் தேய்ப்பதும் பிளீச் போடுவதும் என்ன செய்கிறது? தேய்த்தால் மேலே உள்ள செத்த தோல் போகும். பிளீச் முகத்துப் பூனை முடியை வெளுக்கும். இரண்டும் சேர்ந்து அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். மறுநாள் நான் வண்டியை எடுத்துக்கொண்டு பத்தமடைக்குப் போனால் தேய்ந்த தோலில் அதே வெயில் இன்னும் உரமாகப் படும். வெயிலில் வேலை பார்க்கிறேன் என்று சொன்ன பிறகும் ஒருவரும் என்னிடம் வெயிலைப் பற்றிப் பேசவே இல்லை. விற்கத் தெரிந்த வாய்க்குக் குடை பிடி என்று சொல்லத் தெரியவில்லை.

என்னோடு கல்லூரியில் படித்தவள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். அங்கே வெள்ளைக்காரர்கள் கருப்பதற்காகவே கடற்கரையில் படுத்துக் கிடப்பார்கள் என்றாள். விளக்குப் படுக்கையில் படுக்க வைத்துக் கருக்க வைக்கும் கடைகளும் இருந்தனவாம். 2009ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அந்தப் படுக்கைகளை, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் முதல் பட்டியலில், புகையிலையோடு சேர்த்தது. தோல் புற்றுநோய் அதிகம் உள்ள அந்த நாட்டில் பிறகு ஒவ்வொரு மாநிலமாக அந்தக் கடைகளை மூடிவிட்டார்கள். நம் தோலில் நிறமி அதிகம், அந்தப் புற்றுநோய் நமக்கு அரிது. அதற்காக வெயில் நம்மைச் சும்மா விடுகிறது என்று அர்த்தமில்லை. திருநெல்வேலிக்கு வருடத்தில் இரண்டு முறை, சித்திரை பிறக்கும் வாக்கிலும் ஆவணி நடுவிலும், சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த வெயிலில் கருக்காமல் இருந்தால்தான் தோலில் கோளாறு என்று டாக்டர் சொன்னார்.

நடவு வயலில் நம் பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. நானும் இப்போது அப்படித்தான் போகிறேன். தலையில் பருத்தித் துப்பட்டா, கையுறை, வீட்டு வாசலில் நின்று பேசும்போது குடை. முகத்துக்கு எஸ்.பி.எஃப் 30 உள்ள சன்ஸ்கிரீன், கம்பெனி பெயரும் உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் தேதியும் அச்சடித்த டியூப். இந்த நாலும் இல்லாத எதையும் வாங்காதீர்கள், கொடுப்பது சொந்த மதினியாகவே இருந்தாலும்.

பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பில்லில் 'பேக்கேஜ் 1' என்று மட்டும் எழுதியிருந்தது, கிரீமைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பணம் அனுப்பிய விவரம் போனில் இருந்ததால் பிழைத்தேன். 5,000 ரூபாய் தருகிறோம், எங்கும் பேசக்கூடாது என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915ல் பதிவு செய்தேன், மருந்து ஆய்வாளருக்கு எழுதிக் கொடுத்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். மூன்றாவது டப்பாவில் பாதி மிச்சம் இருக்கிறது. பையில் கட்டி வைத்திருக்கிறேன், அதுதான் சாட்சி. உங்களிடம் இப்படி ஒரு டப்பா இருந்தால் கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நான் செய்தது போல நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிட்டுத் தவிக்கவும் வேண்டாம். டப்பாவோடு தோல் டாக்டரிடம் போங்கள், எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

எனக்கு இது ஏழாவது மாதம். வீக்கமும் பருவும் போய்விட்டன. மூக்கோரச் சிவப்பு நரம்புகள் இன்னும் இருக்கின்றன.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது. போன மாதம் வீரவநல்லூர் சென்டரில் ஒரு பீடி சுற்றும் அக்காவின் மகள், பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வாசலில் நின்றாள். கன்னம் சிவந்திருந்தது. "நீங்க சொன்ன கிரீம்தான் மேடம், அம்மா சீட்டுப் பணத்துல வாங்கித் தந்தா" என்றாள். உள்ளே போய் எடுத்து வந்து காட்டினாள். அதே வெள்ளை டப்பா, மூடியில் அதே பேனா எழுத்து. இரண்டு மாதமாகப் போடுகிறாள். மறுநாள் லீவு போட்டுவிட்டு அவளையும் அவள் அம்மாவையும் ஹைகிரவுண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இன்னும் இரண்டு சென்டர்களில் யார் யார் வாங்கினார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், எனக்குப் போன் செய்யுங்கள். ஆஸ்பத்திரிக்கு நான் கூட வருகிறேன்.